இவோன் அண்ணிக்கு ஒரு வெள்ளை ஜிலே

ரெட்டியார்பாளையத்தில் சபினம்மாளைப் பற்றிக் கேட்டால் யாரும் முதலில் சொல்வது அவளுடைய கைவேலையைப் பற்றித்தான். மேசை விரிப்பு என்ன, தலையணை உறையின் ஓரம் என்ன, மாதா படத்துக்குப் போடும் வெள்ளைத் திரை என்ன, எல்லாம் மெல்லிய பருத்தி நூலில் குரோஷா ஊசியால் போட்டவை. வீட்டுக்கு வந்தவர்களை முன் அறையில் உட்கார வைத்தால், காப்பி வருவதற்கு முன்னால் அந்த விரிப்புகள் வந்துவிடும். எல்லாம் பொழுது போகாமல் போட்டது என்று சொல்லிச் சிரிப்பாள். பொழுது அவளுக்குப் போகவில்லை என்பது உண்மைதான். போட்டவள் மட்டும் அவள் இல்லை.

போட்டவள் கமலா. சேதராப்பட்டுப் பக்கம் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். புருஷன் ராஜவேல் இப்போது அங்கே ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் கன்னியாஸ்திரிகளின் தையல்கூடத்தில் நாலு வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் கமலா. இருபது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் வருவாள், போட்டதைக் கொடுப்பாள், கூலியையும் புது நூலையும் வாங்கிக்கொண்டு போவாள். வருவதும் போவதும் பின்வாசல் வழி. முன்வாசல் வழியாக வந்தால் அக்கம்பக்கத்தில் கேள்வி வரும். சபினம்மாளுக்குக் கேள்விகள் பிடிக்காது.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி உண்டு. சபினம்மாள் விஷயத்தில் நெய்யும் ஊரானுடையது, கையும் ஊரானுடையது. பரிமாறும்போது வாங்கிக்கொண்ட பேர் மட்டும் அவளுடையது.

சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கும்போது பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முழ லேஸ் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். சபின் தன் பங்கைப் போர்டிங்கில் இருந்த செல்வாம்பாள் என்ற ஏழைப் பிள்ளையிடம் கொடுத்தாள். கூலி, ஒரு டப்பா பிஸ்கோத்து. அந்த லேசுக்கு முதல் பரிசு கிடைத்தது. கண்ணாடி போட்ட ஒரு புனிதர் படம். அந்தப் படம் இன்றைக்கும் அவள் வீட்டு முன் அறையில் மாட்டியிருக்கிறது. தினமும் அதற்கு மெழுகுவத்தி ஏற்றுவாள். ஐம்பது வருஷமாக மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் புனிதர் என்ன நினைத்துக்கொள்வார் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

இருபத்திரண்டு வயசில் க்சாவியேவைக் கட்டிக்கொண்டாள். க்சாவியே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள குடும்பம், நல்ல மனுஷர், வாய் திறக்க மாட்டார். கல்யாணத்துக்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காள் இவோன், புதுப்பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து உனக்கு என்ன கைவேலை தெரியும் என்று கேட்டாள். ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தால் இவோன் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். சபின் குரோஷே என்றாள். பொய் தெருநாய்க்குட்டி மாதிரி. ஒருதரம் சோறு வைத்துவிட்டால் வாசலை விட்டுப் போகாது, தினமும் வைக்க வேண்டும்.

நாற்பது வருஷம் வைத்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பாரிசுக்குப் பக்கத்தில் இருந்த இவோன் வீட்டுக்கு ஒரு பார்சல் போகும். முதலில் கடையில் வாங்கியது போனது. கமலா கிடைத்த பிறகு கமலா போட்டது போனது. இவோன் இரண்டு மூன்று தடவை ஊருக்கு வந்தபோது சபினம்மாள் பாதி போட்ட விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண் எரிகிறது, வெயில் உள்ளங்கையை வேர்க்க வைக்கிறது, நீங்கள் வந்திருக்கும்போது எனக்கு எதற்கு ஊசி என்று ஏதாவது சொல்லி மூடி வைத்துவிடுவாள். புருஷனுக்கு எல்லாம் தெரியும். அவர் பேப்பரைக் கொஞ்சம் உயரமாகப் பிடித்துக்கொள்வார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்தார். அவருடைய பென்ஷன் அவளுக்கு வருகிறது, நாட்கள் நடக்கின்றன.

சபினம்மாள் பக்தி இல்லாதவள் என்று சொல்ல முடியாது. தினமும் காலைப் பூசைக்குப் போவாள், முன் வரிசையில் முழங்காலிடுவாள். பாவசங்கீர்த்தனம் பிரெஞ்சில்தான் செய்வாள். பிரெஞ்சில் சொன்னால் பாவமும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கொஞ்சம் மரியாதையாகத் தெரியும் அல்லவா? பிரெஞ்சு தெரிந்த பெரிய சாமியார் மாற்றலாகிப் போய்ப் புதுசாக ஒரு சின்னச் சாமியார் வந்த பிறகு தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. அதிலிருந்து அவள் பாவங்கள் எண்ணிக்கையில் குறைந்துவிட்டன.

போன வருஷம் ஆடி மாசத்தில் இவோன் போன் செய்தாள். அவளுக்கும் அவள் புருஷன் லொரானுக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. ஜனவரியில் ஊருக்கு வந்து, தாலி கட்டிய அதே கோயிலில் பொன்விழாப் பூசை வைக்கப்போகிறார்கள். அதற்கு அவளுக்கு ஒரு ஜிலே வேண்டும். ஜிலே என்றால் முன்பக்கம் திறந்து பித்தான் போடுகிற முழுக்கைச் சட்டை. பருத்தி நூலில், பூவும் ஓட்டையுமாக, உடம்பில் போட்டால் பனி படிந்த மாதிரி இருக்க வேண்டும். நூலை அவளே அங்கிருந்து அனுப்பிவைத்தாள், பன்னிரண்டு கண்டு, வெள்ளை. அளவுக்கு ஒரு பழைய சட்டையும் கூட வந்தது.

"கல்யாணத்துக்கு எங்கப்பா பட்டு எடுத்துக் குடுத்தாரு. பொன்விழாவுக்கு நீ போட்டதுதான் எனக்கு வேணும், சபின்," என்றாள் இவோன். "பூசை முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னாடி நின்னு எல்லாருக்கும் சொல்லப்போறேன். இது என் தம்பி பொண்டாட்டி தன் கையால போட்டதுன்னு."

சபினம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. நாற்பது வருஷமாகச் சேர்த்த பேருக்குக் கோயிலிலேயே முத்திரை விழப்போகிறது. தெரு முழுக்க உட்கார்ந்து கேட்கப்போகிறது. அந்த நாள் மட்டும் கோணாமல் நடந்துவிட்டால், சாகிறவரைக்கும் யாரும் அவளை ஒன்றும் கேட்க முடியாது. கோணினால் நாற்பது வருஷமும் ஒரே நாளில் போய்விடும்.

கமலா நூலை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தாள். தைக்கிற நூலைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. மூன்று மாசமாவது ஆகும் என்றாள். சபினம்மாள் இரண்டரை என்றாள், சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுகிற மாதிரி.

இந்த வேலையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டை போட்ட வேலைதானே, சீக்கிரம் ஆகிவிடும் என்று நினைப்பார்கள். அடைத்துப் போடுவது சுலபம், தப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். ஓட்டை விட்டுப் போடும்போது ஒவ்வொரு கண்ணும், அதாவது ஊசி இழுத்த ஒவ்வொரு நூல் வளையமும், வெளியே தெரியும், ஒன்று பெரிசானால் ஊரே பார்க்கும். கமலா முதுகில் அன்னாசிப்பழம் மாதிரி ஒரு பூ எடுத்தாள். மேலே அகலமாக ஆரம்பித்துக் கீழே ஒரே கண்ணில் வந்து முடிகிற பூ. அப்படி முதுகில் ஏழு, முன்பக்கம் இரண்டு பாதியிலும் மும்மூன்று. கைகளைத் தோளிலிருந்து கீழ்நோக்கி, வட்டம் வட்டமாக, மணிக்கட்டு வரை இறக்கினாள். வலது கையில் இரண்டு வட்டம் போட்டால் உடனே இடது கையிலும் இரண்டு வட்டம் போடுவாள். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றை ஆரம்பிக்க மாட்டாள். மனுஷருக்கு எல்லா நாளும் கை ஒரே மாதிரி இருக்காது. சந்தோஷமாக இருக்கிற அன்றைக்கு நூல் நெகிழும், வீட்டில் சண்டை போட்ட அன்றைக்கு இறுகும். இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் நெகிழ்ச்சியும் இறுக்கமும் இரண்டு பக்கமும் சமமாக விழும்.

ராஜவேல் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இவ்வளவு ஓட்டைக்கு எதுக்கு மூணு மாசம், வைத்திக்குப்பத்துல போய்ப் பழைய வலை ஒண்ணு கேட்டா சும்மாவே குடுப்பாங்களே என்றான். கமலா தலை நிமிரவில்லை.

"வலையில மீனுதான் மாட்டும். இதுல மதாம் மாட்டுவாங்க," என்றாள்.

தன் வேலை வேறு ஒருத்தியின் பேரில் கடல் தாண்டிப் போகிறது என்று கமலாவுக்கு முதல் வருஷமே தெரியும். அதைப் பற்றி அவள் பெரிசாக நினைத்ததில்லை. போட்டவளுக்குத் தெரியும், அங்காளம்மனுக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்பாள். நான் சபினம்மாளின் கோயிலுக்குப் போகிறவள், கமலாவின் கோயிலுக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என் கோயிலில் முன் வரிசையில் உட்காருகிற பல பேருக்கு வராத பேச்சு.

டிசம்பர் நடுவில் ஜிலே முடிந்தது. துவைத்து, தண்ணியாகக் கஞ்சி போட்டு, மெத்தையின் மேல் விரித்து, ஒவ்வொரு பூவின் நுனியையும் குண்டூசியால் இழுத்துக் குத்தி, நிழலில் காயவைத்துக் கொண்டுவந்தாள். சபினம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் தேடினாள். கடைசியில் பித்தான் ஓட்டை கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்றாள். ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்காமல் வாங்கினால், தான் எஜமானி என்பது அவளுக்கே மறந்து போய்விடும்.

இதோடு விட்டிருந்தால் எல்லாம் அவள் நினைத்தபடி நடந்திருக்கும். அவளைக் கெடுத்தது அவளுடைய பக்திதான். பக்தி என்று அவள் நினைத்துக்கொண்டது.

ராத்திரி ஜெபம் சொல்லும்போது பயம் வந்தது. மேசை விரிப்புப் பொய்கள் பிரான்சில் இருக்கின்றன, தூரத்தில். இது பீடத்துக்கு முன்னால், திவ்விய நற்கருணை இருக்கிற இடத்தில், மைக்கில் சொல்லப்போகிற பொய். சொல்லப்போவது இவோன்தான் என்றாலும் கணக்கு யார் பேரில் விழும்? வேறு ஒருத்தியாக இருந்தால் போனை எடுத்து, அண்ணி, அது நான் போட்டதில்லை என்று சொல்லியிருப்பாள். அரை நிமிஷ வேலை. சபினம்மாள் அதைவிடப் புத்திசாலி. ஒரு பகுதியை நானே போட்டுவிட்டால், தன் கையால் போட்டது என்று சொல்வது பொய் ஆகாதே என்று கண்டுபிடித்தாள். எந்தப் பகுதி, எவ்வளவு என்று யாரும் கேட்கப்போவதில்லையே. ஆண்டவரையும் பத்திர ஆபீஸ் குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டாள். காகிதத்தில் எழுத்து சரியாக இருந்தால் முத்திரை குத்திவிடுவார், தலை நிமிர்ந்து ஆளைப் பார்க்க மாட்டார் என்று.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு ஜிலேயின் இடது கையின் மணிக்கட்டில் இருந்த நுனி நூலைப் பிடித்து இழுத்தாள். சரசரவென்று வட்டம் வட்டமாகப் பிரிந்து வந்தது. முழங்கையில் நிறுத்தினாள். கமலாவுக்கு ஒன்பது நாள் வேலை. இவளுக்கு ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம்.

பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்த அடிப்படை கொஞ்சம் ஞாபகம் இருந்தது. நூலைக் கொக்கியில் சுற்று, இழு, மறுபடி சுற்று, இழு. வலது கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். பதினைந்து நாள் போட்டாள். அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். ஒரு வட்டம் முடிந்து அடுத்த வட்டத்துக்கு ஏறுகிற இடத்தில் ஒரு கண் இருக்கும். அதை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு அதிலும் ஒன்று போட்டுவிடக் கூடாது. சபினம்மாள் ஒவ்வொரு வட்டத்திலும் போட்டாள். வட்டத்துக்கு ஒரு கண் கூடிக்கொண்டே போனது. முழங்கையில் கையாக ஆரம்பித்தது மணிக்கட்டுக்கு வரும்போது கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி விரிந்து நின்றது.

கஞ்சி போட்டால் அடங்கும் என்று நினைத்தாள். கெட்டியாகக் காய்ச்சி, அந்தக் கையை மட்டும் முக்கி எடுத்தாள். அடங்கவில்லை, விறைத்துக்கொண்டது. கையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, தொங்கவிட்டுப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். பாரிசில் இப்போது இப்படியும் ஒரு மோடல் இருக்கலாம் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். ஒரு கைக்கு மட்டும் மோடல் உண்டா என்று அவளுக்கே சந்தேகம் வந்த பிறகுதான் கமலாவுக்குப் போன் போட்டாள். என்ன ஏது என்று சொல்லவில்லை. சின்ன வேலை, சனிக்கிழமை பத்து மணிக்கு வா என்றாள். இவோன் வருவது ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் போதும், கமலாவின் கை வேகம் என்று அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

இவோன் வெள்ளிக்கிழமையே ஊருக்கு வந்து கடற்கரைப் பக்கம் ஓட்டலில் இறங்கிவிட்டாள். ஜிலேயைப் பார்க்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லொரானைத் தூங்கவிட்டுவிட்டு, சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஆட்டோ பிடித்து வந்து முன்வாசலில் நின்றாள்.

எழுபத்திரண்டு வயசு. குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, கறுத்த முகம், பருத்திப் புடவைக்குக் கீழே ஓடுகிறவர்கள் போடும் செருப்பு. இவோன் அங்கே பெரிய உத்தியோகத்தில் இருந்தவள் என்று சபினம்மாள் தெருவில் சொல்லி வைத்திருந்தாள். இவோன் இருந்தது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். முப்பது வருஷம் துணி பிரித்து, கறை பார்த்து, தொட்டியில் போட்டவள். அதை அவள் மறைத்ததே இல்லை. சலவைச் சோடாவில் வெடித்த விரல்களோடுதான் சபினம்மாளின் கன்னத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்தாள்.

காப்பி வேண்டாம் என்றாள். டிபன் வேண்டாம் என்றாள். ஜிலேயைக் கொண்டுவரச் சொன்னாள். இஸ்திரிக்காரனிடம் இருக்கிறது என்று சபினம்மாள் சொல்ல வாயெடுத்தாள். அது நாற்காலி முதுகில், விறைத்த கையை நீட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

இவோன் எடுத்துப் போட்டுக்கொண்டாள். முதுகு படிந்தது. தோள் படிந்தது. வலது கை மணிக்கட்டில் வந்து மெத்தென்று நின்றது. இடது கை கறகறவென்று சத்தம் போட்டது. இவோன் கழற்றினாள். ஜன்னல் பக்கம் போய் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். முழங்கை வந்ததும் விரல் நின்றது.

"சபின், இதை யாருகிட்ட குடுத்தே?"

சபினம்மாள் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"இந்த வலது பக்கம் உன்னுது. இருபது வருஷமா எனக்கு இந்தக் கையைத் தெரியும். எங்க வூட்டு மேசை, கட்டில், ஜன்னல் எல்லாம் இதுதான். இந்த முழங்கைக்குக் கீழே வேற யாரோ. பழக்கமே இல்லாத ஆளு."

அறுபத்திரண்டு வயசு வாழ்க்கையில் சபினம்மாள் தன் கையால் போட்டது அந்த ஒரு முழம்தான். அந்த ஒரு முழத்தைத்தான் இது உன்னுடையது இல்லை என்று தள்ளினாள் இவோன். அண்ணி, அது நான்தான் போட்டேன் என்று சொன்னால் அது சத்தியம். ஆனால் அந்தச் சத்தியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நாற்பது வருஷமும் வெளியே வந்துவிடும். ஆண்டவர் ஒரு மனுஷிக்கு இதைவிட எளிதாக ஒரு கேள்வித்தாளைக் கொடுக்க முடியாது. ஒரே கேள்வி, பதிலும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. கமலா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பையோடு சமையலறைக்குள் வந்து நின்றாள். முன் அறையில் புது ஆள் இருப்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.

சபினம்மாளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"அது இவ போட்டது, அண்ணி," என்றாள். "கமலான்னு, வேலைக்கு வர்ற பொண்ணு. கண்ணு வலிக்குதேன்னு கடைசியில கொஞ்சம் அவகிட்ட குடுத்தேன். இப்படிப் பண்ணி வெச்சிருக்கா."

இவோன் கமலாவைக் கூப்பிட்டாள். கமலா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இவோன் நீட்டிய ஜிலேயை வாங்கி இடது கையைப் பார்த்தாள். தான் கொடுத்தது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

எவ்வளவு நாளாக இந்த வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டாள் இவோன்.

"இருபது வருஷமா வரேன், மதாம்."

இருபது வருஷமா என்று இவோன் மெல்லத் திருப்பிச் சொன்னாள். சபினம்மாள் அவசரமாக, மேல் வேலைக்குத்தான், பாத்திரம் கழுவ, பெருக்க என்று சேர்த்தாள். கமலா அந்த வீட்டில் ஒரு நாளும் விளக்குமாறைத் தொட்டதில்லை.

நல்லதையெல்லாம் இருபது வருஷம் எடுத்துக்கொண்டபோது கமலாவுக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கோணலைத் தன் தலையில் வைத்ததும் வந்தது. அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. ஜிலேயோடு தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"நான் போட்டதுன்னா நானே பிரிச்சிடறேன், மதாம்," என்றாள் இவோனைப் பார்த்து.

நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். கஞ்சி விறைப்பில் நூல் சிக்கிச் சிக்கி, பட்பட்டென்று விட்டு வந்தது. பிரித்த நூல் சேமியா மாதிரி நெளிந்து நெளிந்து மடியில் விழுந்தது. முழங்கை வந்தது. அங்கே ஒரு கண்கூடத் தாண்டாமல், தான் போட்டது எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே, எண்ணிப் பார்க்காமலே நிறுத்தினாள். கடைசிக் கண்ணை ஊசியில் மாட்டினாள். எழுந்து, ஊசியும் நூலுமாக ஜிலேயைச் சபினம்மாள் மடியில் வைத்தாள்.

"மீதியை நீங்க போடுங்கம்மா. மேல எல்லாம் நீங்க போட்டதுதானே. எனக்கு அந்த மாதிரி வராது."

சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வந்த வேலைக்குக் கூலியும் கேட்கவில்லை, ஊசியையும் திருப்பிக் கேட்கவில்லை.

இவோன் அவள் பின்னாலேயே போய்விட்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துச் சபினம்மாளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். போடு என்றாள். பார்சல் பிரிக்கும்போதெல்லாம் உன் பக்கத்தில் உட்கார்ந்து நீ போடுவதைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன், இன்றைக்கு நேரம் இருக்கிறது என்றாள். சபினம்மாள் கண் எரிகிறது என்றாள். இவோன் எழுந்து போய் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து வந்து கொடுத்தாள். கை வேர்க்கிறது என்றாள். இவோன் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். வேறு ஒன்றும் மிச்சம் இல்லை.

சபினம்மாள் ஊசியைப் பிடித்தாள். கரண்டி பிடிக்கிற மாதிரி, முழு முஷ்டியில். நூலைச் சுற்றி இழுத்தாள். கண் ஊசியை விட்டு நழுவியது. அதைப் பிடிப்பதற்குள் அடுத்ததும் நழுவியது. கமலா போட்ட நல்ல வட்டத்தில் அரை விரல் நீளம் பிரிந்துபோனது. மறுபடி மாட்டினாள். தப்பான கண்ணில் மாட்டினாள்.

இவோன் திட்டவில்லை. கோபமும் இல்லை. சலவைக்கூடத்தில் ஒரு துணியைத் தூக்கிப் பிடித்து, இது எந்தத் தொட்டிக்குப் போகும் என்று பார்க்கிறவள் மாதிரி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி ஜிலேயை வாங்கிக்கொண்டாள். நழுவின கண்ணை ஒரு குண்டூசியால் நிறுத்தினாள். மேசையில் மிச்சமிருந்த இரண்டு நூல்கண்டையும் எடுத்துப் பையில் வைத்தாள்.

அந்தப் பெண் எந்த ஊர் என்று கேட்டாள். சேதராப்பட்டுப் பக்கம் என்றாள் சபினம்மாள்.

"எந்த பஸ் போவும் அங்க?"

சபினம்மாளுக்குத் தெரியவில்லை.

"இருபது வருஷமா வராளே, சபின்."

இவோன் முத்தம் கொடுக்காமல் இறங்கிப் போனாள். தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பேரைச் சொல்லி, கமலா, ராஜவேல் வீடு என்று விசாரித்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருப்பது சபினம்மாளுக்குக் கேட்டது. ராஜவேல் என்ற பேரை இவோன் எப்போது கமலாவிடம் கேட்டுக்கொண்டாள் என்று சபினம்மாள் யோசித்தாள். பின்வாசல் வரைக்கும் கூடப் போனபோது கேட்டிருக்கிறாள், ஊரையும் சேர்த்து; சபினம்மாளிடம் திரும்பக் கேட்டது இவளுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான். நூல் சிக்கலில் தலை கவிழ்ந்திருந்ததில் இவள்தான் கவனிக்கவில்லை.

ஆட்டோ திரும்பிக் கிளம்பியது. எதிர்வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, பிரான்சிலிருந்து வந்தவர் அதற்குள் கிளம்பிவிட்டாரா, ஜிலே பிடித்திருந்ததா என்று கேட்டாள்.

சபினம்மாள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். ரொம்பப் பிடித்துவிட்டது, கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், கிராமத்துப் பக்கம் ஊர் சுற்றிப் பார்க்க அண்ணிக்கு ஆசை என்றாள்.